வறட்டு இருமலுக்கு மிளகுக் கஷாயம் வேண்டாம்

இரண்டு வாரமாக, படுத்தாலே வறட்டு இருமல். சுக்கு மிளகுக் கஷாயம் குடித்தும் தொண்டை எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கஷாயத்தை முதலில் நிறுத்துங்கள். அது சளி கட்டிய இருமலுக்கு உரியது. வறட்டு இருமலை ஆயுர்வேதம் வாதத்தோடு, அதாவது உடலில் வறட்சியைத் தரும் காற்றின் தன்மையோடு, சேர்க்கிறது; அதற்கு வேண்டியது நெய்ப்பசை. அரைத் தேக்கரண்டி அதிமதுரப் பொடியைத் தேனில் குழைத்து, படுக்கும் முன் மெதுவாக நக்கிச் சாப்பிடுங்கள். உடனே தண்ணீர் குடிக்காதீர்கள், தொண்டையில் அந்தப் பூச்சு நிற்கட்டும். வெதுவெதுப்பான பாலில் சிறிது நெய் விட்டுக் குடிப்பதும் இதம்.

இரத்த அழுத்தம் இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ அதிமதுரம் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில், ராமிப்ரில் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அவையே இப்படி இருமலைத் தரும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்று வாரம் தாண்டினாலோ, இரத்தமோ மூச்சுத்திணறலோ தெரிந்தாலோ தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.