கையால் வண்ணம் தீட்டிய லூயிஸ் சதுரங்க செட்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ‘லூயிஸ்’ என்பது செய்தவர் பெயரா?

பதில்: இல்லை, தீவின் பெயர். ஸ்காட்லாந்துக்கு மேற்கே இருக்கிறது. 1831-இல் அங்கே ஒரு புதையல் கிடைத்தது. மொத்தம் 93 பொருட்கள், அதில் 78 சதுரங்கக் காய்கள். பெரும்பாலும் வால்ரஸ் தந்தம், சில திமிங்கிலப் பல். 12-ஆம் நூற்றாண்டில் நார்வேயின் டிரொண்ட்ஹைம் நகரில் செதுக்கியிருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. நாம் வாங்குவது அவற்றைப் பார்த்து ரெசினில் (பிளாஸ்டிக் போல இறுகும் பிசின்) வார்த்த நகல்.

கேள்வி: அசல் காய்களிலும் இத்தனை வண்ணம் இருந்ததா சார்?

பதில்: கிடைத்தபோது சில காய்களில் சிவப்புச் சாயம் இருந்ததாகக் குறிப்பு உண்டு. அதாவது ஒரு பக்கம் வெள்ளை, எதிர்ப்பக்கம் சிவப்பு. நீல அங்கி, பொன் கிரீடம் எல்லாம் இன்றைய ஓவியரின் கற்பனை. அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. ஆனால் முகத்தைக் கெடுத்திருந்தால் வாங்க மாட்டேன். புதையலில் கிடைத்த எட்டு ராணிகளும் வலது கையைக் கன்னத்தில் வைத்து ஏதோ யோசனையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த செட்டின் உயிரே அந்த முகம்தான். கண்ணில் கருப்பு கொஞ்சம் தடித்துவிட்டால்கூட அந்தக் கவலை போய், சாதாரண பொம்மை ஆகிவிடும். விற்பவரிடம் முதலில் ராணியின் முகத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள்.

கேள்வி: யானை நிற்கும் மூலையில் ஒரு ஆள் கேடயத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். மாற்றி அனுப்பிவிட்டார்களா?

பதில்: சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். இந்த செட்டில் மூலைக் காய் ஒரு காவல் வீரன். போர்வெறி ஏறிக் கேடயத்தைக் கடிக்கும் பெர்செர்கர் வீரர்கள் பழைய நார்ஸ் (வட ஐரோப்பிய) கதைகளில் வருவார்கள். சில காய்களில்தான் அந்தக் கடி இருக்கும்.

கேள்வி: கையால் தீட்டியதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரே மாதிரியான இரண்டு பிஷப்புகளைப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பாருங்கள். அங்கி ஓரத்துக் கோடு ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது மாறியிருக்கும். சிப்பாய்களைப் பார்த்துப் பயனில்லை; அவை நடுகல் போல வெறும் கல் வடிவம்தான்.

கேள்வி: விளையாடலாமா?

பதில்: விளையாடலாம், ஆனால் தலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். என் முதல் செட்டில் அப்படித் தூக்கித் தூக்கியே ராஜாக்களின் கிரீடத்தில் சாயம் போய் ரெசின் தெரிந்துவிட்டது. இன்றும் அதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. வெயில் படாமல் வையுங்கள். தூசிக்கு உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும், தின்னர் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: அசல் காய் இனி கிடைக்க வாய்ப்பு உண்டா?

பதில்: கிடைத்திருக்கிறதே! எடின்பரோவில் ஒரு பழம்பொருள் வியாபாரி 1964-இல் 5 பவுண்டுக்கு வாங்கிய காவல் வீரன், 2019-இல் லண்டன் ஏலத்தில் 7,35,000 பவுண்டுக்குப் போனது. புதையலில் இருந்தது நாலு செட் என்று கணக்கு வைத்தால் இன்னும் ஒரு குதிரையும் மூன்று காவல் வீரர்களும் எங்கோ இருக்க வேண்டும். சிப்பாய்கள் 64 வேண்டும், கிடைத்தவை 19.