முதல் ராத்திரிக்குப் பிறகு: வீடற்ற இளையோர் பணி பற்றி வாசகர் கேள்விகள்

வீடில்லாமலும் ஆதரவில்லாமலும் இருக்கும் இளைஞர்களுக்காக அமைப்பு நடத்துகிறவர்களும், தொடங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, தெருவில் தூங்கும் இளைஞர்களுக்கு ஒரு விடுதி தொடங்க நினைக்கிறோம். ஒருவர் தன் கட்டடத்தை வாடகையில்லாமல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் எதைச் செய்வது?

பதில்: கட்டடத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஆறு வாரம் ஊரைச் சுற்றுங்கள். ஒரே பாதை, ஒரே கிழமைகள்; இரவு 11 மணிக்கு ஒரு முறை, விடியற்காலை 5 மணிக்கு ஒரு முறை. தனியாகப் போகாதீர்கள், இரண்டிரண்டு பேராகப் போங்கள். முதல் இரண்டு வாரம் யாரும் உங்களோடு பேசமாட்டார்கள். மூன்றாவது வாரம் அதே முகங்கள் மறுபடி வருவதைப் பார்த்த பிறகுதான் பேச்சு தொடங்கும். அப்போது கேட்க வேண்டியது, "நேத்து ராத்திரி எங்க படுத்தே? அதுக்கு முந்தின வாரம்?" என்பதுதான். தெருவில் கண்ணுக்குத் தெரிகிறவர்களைவிடத் தெரியாதவர்கள் அதிகம் என்பது அந்தப் பதில்களில் புரியும். நண்பன் வீட்டுத் திண்ணை, வேலை செய்யும் கடைக்குள், இரவு முழுக்க ஓடும் பஸ் என்று இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெண் பிள்ளைகள் தெருவில் அரிதாகவே கண்ணில் படுவார்கள். படுக்க இடம் கொடுத்தவருக்கு எதையாவது ஈடாகக் கொடுக்க வேண்டிய நிலையில் ஏதோ ஒரு வீட்டுக்குள் இருப்பார்கள். அவர்களுக்கென்று தனி நேரமும் தனி வாசலும் இல்லாத இடத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள்.

அடுத்து, ஏற்கெனவே யார் என்ன தருகிறார்கள் என்று எழுதுங்கள். பல ஊர்களில் ஒரே மாலையில் மூன்று குழுக்கள் சாப்பாடு கொண்டுவரும். குளிக்க, துணி துவைக்க, போன் சார்ஜ் போட, பையை வைத்துவிட்டுப் போக ஓரிடமும் இருக்காது. எனவே பகல் மையத்தில் தொடங்குங்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் போதும். குளியலறை, துவைக்கும் வசதி, பூட்டுள்ள லாக்கர்கள், உட்கார்ந்து பேச ஒரு ஆள். லாக்கரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தன் உடைமை முழுவதையும் தோளில் சுமந்துகொண்டு நேர்காணலுக்குப் போகிறவனுக்கு வேலை கிடைக்காது.

இரவு விடுதிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு முழுக்க இரண்டு பேர் விழித்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால், ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது மற்றவர்களைப் பார்க்க ஆளில்லை. 12 மணி நேர ஷிப்ட், இரண்டு பேர், ஏழு இரவுகள் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால் மூன்றரை ஆள் வேண்டும். லீவு, காய்ச்சல், திடீரென வேலையை விடுவது எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். பகல் ஊழியர்கள் இந்தக் கணக்கில் இல்லை. கட்டடம் இலவசம்தான், இந்த ஐந்து பேரின் சம்பளம் இலவசமில்லை. இரண்டு ஆண்டுக்கு அது கையில் தெரியும்வரை இரவு விடுதியைத் திறக்காதீர்கள். ஆறே மாதத்தில் மூடும் விடுதி அந்தப் பிள்ளைகளை மறுபடியும் ஒருமுறை கைவிடுகிறது.

வயதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களைத் தங்கவைக்க அநேகமாக எல்லா நாடுகளிலும் தனிச் சட்டங்கள் உண்டு. குழந்தை நல அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் ஒரே ஒரு இரவு வைத்திருந்தாலும் அமைப்பு சிக்கலில் மாட்டும். அதைவிட முக்கியம், 15 வயதுப் பையனையும் 23 வயது இளைஞனையும் ஒரே அறையில் படுக்கவைக்கக் கூடாது.

கேள்வி: ராத்திரி பத்து மணிக்கு மேல் புதிதாக ஒரு பிள்ளை வந்தால் எங்கள் படிவத்தில் உள்ள 42 கேள்விகளையும் கேட்டு நிரப்பிவிட்டுத்தான் உள்ளே விடுகிறோம். பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: பிள்ளைகளைத் திருத்த வேண்டாம், படிவத்தைத் திருத்துங்கள். மூன்று நாள் தூங்காதவன், படுக்கை கிடைப்பதற்கு எந்தப் பதில் தேவையோ அதைச் சொல்வான். அந்தப் பதில் பைலில் ஏறி, ஆண்டுக் கணக்காக அவன் பின்னாலேயே வரும். முதல் இரவுக்கு ஐந்து கேள்விகள் போதும். உன்னை எப்படிக் கூப்பிடட்டும்? வயது என்ன? காயமோ நோயோ இருக்கிறதா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா? உன்னைத் தேடி வந்து அடிக்கக்கூடியவர்கள் யாராவது இருக்கிறார்களா? செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?

கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குவார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஏற்கெனவே இருப்பவனுக்கு, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே ஆறுதலாக இருக்கும். நேரடியாக, தணிந்த குரலில் கேளுங்கள். "ஆமாம்" என்றால் அன்று இரவு அவனைத் தனியாக விடக் கூடாது. மருத்துவ உதவியை உடனே கூப்பிடுங்கள்.

மற்ற 37 கேள்விகளையும் 72 மணி நேரம் கழித்துக் கேட்கலாம். "வீட்டை விட்டு ஏன் வந்தே?" என்பதை முதல் இரவில் கேட்கவே வேண்டாம். அவனிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். அடி விழுந்ததே அந்த வீட்டில்தான் என்றிருக்கலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் முதல் தகவல் குழந்தை நல அதிகாரிக்குப் போகட்டும், குடும்பத்தோடு எப்படிப் பேசுவது என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவெடுங்கள்.

புது ஊழியர்கள் அன்பினால் செய்யும் தவறு ஒன்று உண்டு. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடுவார்கள். பிறகு சொல்ல வேண்டி வரும், நம்பிக்கை போய்விடும். இப்படிச் சொல்லப் பழக்குங்கள்: "நீ சொல்றதைப் பத்திரமா வெச்சுக்கறேன். ஆனா உன் உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா, சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்."

உடம்பு பற்றி இரண்டு எச்சரிக்கைகள். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவனுக்குத் தட்டு நிறையச் சாப்பாடு போடாதீர்கள். பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென உணவு போகும்போது ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் வேகமாகக் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். கொஞ்சமாகக் கொடுத்து, டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போதையில் வருகிறவனை "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு நகராதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனியுங்கள். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலமாகிறது என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: இருபது பேருக்குத்தான் இடம். நிரம்பிவிட்டால் என்ன சொல்லி அனுப்புவது?

பதில்: லண்டனில் தாமஸ் பர்னார்டோ 1870இல் சிறுவர் இல்லம் தொடங்கினார். இடமில்லை என்று ஓர் இரவு 11 வயதுச் சிறுவன் ஒருவன் திருப்பி அனுப்பப்பட்டான். இரண்டு நாள் கழித்துக் குளிரிலும் பட்டினியிலும் அவன் இறந்து கிடந்தான். அதன்பின் ஆதரவற்ற எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்புவதில்லை என்று அந்த இல்லத்தின் வாசலில் எழுதிவைத்தார்கள். இருபது பேர் இடத்தில் நாற்பது பேரை அடைக்கச் சொல்லவில்லை. தீ விபத்து நடந்தால் அதுவே கொலைக்களமாகும். வாசலிலிருந்து யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது, அவ்வளவுதான். இருபதில் இரண்டு படுக்கைகளை எப்போதும் அவசரத்துக்கு ஒதுக்குங்கள். வேறு மூன்று இடங்களின் எண்களை வைத்துக்கொண்டு வாரந்தோறும் போன் போட்டுச் சரிபாருங்கள். அனுப்பும் முன் அங்கே இடம் இருப்பதை உறுதிசெய்து, போக வண்டிச் செலவு கொடுத்து, போய்ச் சேர்ந்ததை விசாரித்து, பதிவேட்டில் எழுதுங்கள்.

கேள்வி: விதியை மூன்று முறை மீறிய ஒருவனை வெளியேற்றினோம். அதன்பின் மற்றவர்கள் அமைதியாக இருக்கிறார்கள். செய்தது சரிதானே?

பதில்: அந்த அமைதி பயத்தினால் வந்ததாகவும் இருக்கலாம். அடுத்து நாமா என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். எந்த விதி என்று நீங்கள் எழுதவில்லை. அடிதடி, ஆயுதம், பாலியல் அத்துமீறல், உள்ளே போதைப்பொருள், திருட்டு ஆகிய ஐந்தும் விதிகளாக இருக்கட்டும். தாமதமாக வருவது, படுக்கையை மடிக்காதது, கோபத்தில் கத்துவதெல்லாம் பேசித் தீர்க்க வேண்டியவை. பலமுறை கைவிடப்பட்ட பிள்ளை, "இவங்களும் விரட்டிடுவாங்களா?" என்று சோதித்துப் பார்ப்பான். மூன்றாவது முறை விரட்டினால் அவன் எதிர்பார்த்த பதிலைத் தந்துவிடுகிறோம்.

உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, வெளியேற்றும் முடிவை ஒருவர் தனியாக எடுக்கக் கூடாது, இரவில் எடுக்கக் கூடாது. வேறு படுக்கை ஏற்பாடானபின், எப்போது திரும்பி வரலாம் என்ற தேதியோடு அனுப்புங்கள். கடந்த ஆண்டின் வெளியேற்றங்களை ஒரு தாளில் எழுதி, எந்தக் கிழமை, எந்த ஷிப்ட் என்று பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே ஷிப்டில் வந்தால், பேச வேண்டியது அந்த ஊழியரோடு.

கேள்வி: "என் பணத்தில் ஒரு பைசாகூட சம்பளத்துக்குப் போகக் கூடாது" என்கிறார் எங்கள் பெரிய நன்கொடையாளர். என்ன செய்வது?

பதில்: அவரை ஒரு நாள் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டுங்கள். சமைப்பவர், விழித்திருப்பவர், ஆஸ்பத்திரியில் கூட உட்காருபவர் எல்லாமே சம்பளம்தான் என்று தெரிந்தால் பலர் மனம் மாறுவார்கள். மாறாவிட்டால், அவர் சொன்ன செலவுக்கு மட்டும் வாங்குங்கள். வாங்கியதைத் தனிப் பேரேட்டில் வையுங்கள். நல்ல அமைப்புகள் சறுக்குவது இங்கேதான். இறுக்கமான மாதம் ஒன்றில், மருத்துவத்துக்கென்று வந்த பணத்தை எடுத்துச் சம்பளம் போட்டுவிட்டு, "அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம்" என்பார்கள். அடுத்த மாதமும் இறுக்கமாகத்தான் வரும். கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் அது கொடுத்தவரை ஏமாற்றுவதுதான்.

ஒரே நன்கொடையாளர் மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருகிறார் என்றால் அடுத்த ஆண்டுத் திட்டமே அதைக் குறைப்பதாக இருக்கட்டும். குறைந்தது மூன்று மாதச் செலவைக் கையிருப்பாக வையுங்கள். மூட நேர்ந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாற்று இடம் பார்க்க அந்த அவகாசம் வேண்டும். காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து, அந்த இருவரும் உறவினர்களாக இருக்கக் கூடாது. பணத்தைக் கையாளுபவர் கணக்கு எழுதக் கூடாது. வங்கிக் கணக்கை மாதந்தோறும் இருவரும் அல்லாத மூன்றாமவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பிள்ளைகளின் அனுமதியோடு படம் எடுத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் படுக்கையில் தூங்குகிறவன் உங்களுக்கு "முடியாது" என்று எப்படிச் சொல்வான்? தேடிவரும் ஆளுக்கு அந்தப் படம் வழிகாட்டும். பத்து ஆண்டு கழித்து அவன் முதலாளியும் அதைப் பார்க்கலாம்.

கேள்வி: பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள், பழைய துணி கொண்டுவருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்: பிறந்தநாள் கொண்டாட்டங்களை நிறுத்திவிடலாம். தெரியாதவர்கள் கேக் வெட்டும்போது கைதட்டுவது பிள்ளைகளின் வேலையில்லை. வருகிறவரிடம் தேவைப் பட்டியலைக் கொடுங்கள்: புது உள்ளாடை, சாக்ஸ், சானிட்டரி நாப்கின், அளவு குறித்த செருப்பு, உறுதியான தோள்பை.

தன்னார்வலர் என்றால் வாரம் ஒரு நாள், குறைந்தது ஆறு மாதம். அதைவிடக் குறைவாக வரக்கூடியவரைக் கணக்கு, பழுதுபார்ப்பு போன்ற வேலைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளோடு வேண்டாம். பழகியவர்கள் காணாமல் போவதை அவர்கள் போதுமான அளவு பார்த்தாயிற்று. காவல்துறைச் சரிபார்ப்போடு, பரிந்துரை தந்த இருவரையும் நீங்களே போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். மூடிய கதவுக்குப் பின் தனியாக ஒரு பிள்ளையோடு இருப்பது, சொந்தப் போன் எண் கொடுப்பது, கடன் கொடுப்பது, வீட்டுக்குக் கூட்டிப்போவது ஆகிய நான்கும் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "நான் அப்படிப்பட்டவனா?" என்று கோபித்துக்கொள்பவரைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: வேலை வாங்கிக் கொடுக்கிறோம். மூன்றே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். சோம்பேறித்தனம்தானே?

பதில்: மூன்றாவது வாரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அதுவரை பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கையில் காசில்லை. அதை மேஸ்திரியிடமோ மேலாளரிடமோ சொல்ல வெட்கப்பட்டு, போவதையே நிறுத்திவிடுவான். முதல் மாதப் போக்குவரத்து, சாப்பாட்டுச் செலவை அமைப்பே வாரவாரம் கொடுக்கட்டும். வேலைக்கு முன்பே அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, அலாரம் வைக்க ஒரு போன் இருக்க வேண்டும். "இன்னிக்கு உடம்பு சரியில்லை, லீவு வேணும்" என்று சொல்வதை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பழக்குங்கள். வீட்டில் யாரும் சொல்லித்தராத விஷயம் அது. 1ஆம் நாள், 3ஆம் நாள், 10ஆம் நாள், 21ஆம் நாள் போன் செய்யுங்கள்.

விடுதியை விட்டுத் தனி அறைக்குப் போவதற்கும் இதே கவனம் வேண்டும். ஆறு மாதம் முன்பே ஏற்பாட்டைத் தொடங்குங்கள். பிறப்புச் சான்று, படிப்புச் சான்று, மருத்துவக் குறிப்பு எல்லாம் ஒரு பைலில் அவன் கையில், நகல் உங்களிடம். அறைக்குப் போன முதல் சில வாரம் பெரும்பாலோரை வாட்டுவது வாடகையைவிடத் தனிமை. ஞாயிறு மாலைகளில் யாராவது போய்ப் பாருங்கள். பிறகு 3, 6, 12, 24ஆம் மாதங்களில் நீங்களாகவே கூப்பிடுங்கள். எத்தனை பேர் தங்கினார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதுவதைவிட, 24ஆம் மாதத்தில் எத்தனை பேர் பாதுகாப்பான கூரையின்கீழ் இருந்தார்கள் என்று எழுதுங்கள்.

அவர்களின் எண் அடிக்கடி மாறும், தேடினாலும் கிடைக்காது. ஆகவே அமைப்பின் எண்ணை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள். எடுப்பவர் வேலையை விட்டுப் போனாலும், கட்டடமே மாறினாலும் அதே எண் இருக்கட்டும்.