கீபோர்டுக்காரர் பதில்கள்

கேள்வி: பெரிய பாடகர்கள் காமெடி சீரியலில் தலையைக் காட்டுவது விளம்பரத்துக்குத்தானே?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: பெரும்பாலும் அப்படித்தான். 2008-ல் 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடரில் பிரிட்னி ஸ்பியர்ஸ் தோல் டாக்டரின் வரவேற்பறைப் பெண்ணாக வந்தார். அவருக்காகவே நிறைய பேர் பார்த்தார்கள். நன்றாகவும் நடித்தார். ஆனால் எனக்கு, பாடகர் வந்தால் அவர் வேலை செய்வதைக் கொஞ்சமாவது காட்ட வேண்டும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி: என் மகள் பழைய அமெரிக்க சீரியல் ஒன்றைக் காட்டினாள். பார்வையில்லாத பாடகர் ஒருவர் வீட்டுப் பிள்ளைகளைப் பேசச் சொல்லி, அந்தப் பேச்சையே கீபோர்டில் வாசிக்கிறார். நிஜமா, கேமரா தந்திரமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அந்த வித்தை நிஜம் அம்மா. அவர் ஸ்டீவி வொண்டர். சீரியல் 'த காஸ்பி ஷோ', 1986 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. (அதன் நாயகன் பில் காஸ்பி மீது பின்னாளில் எழுந்த பாலியல் குற்றச்சாட்டுகளுக்குப் பிறகு அந்தத் தொடரை நான் பார்ப்பதில்லை. இந்தக் காட்சியை மட்டும் விட முடியவில்லை.)

கதையில் ஸ்டீவியின் கார் பிள்ளைகளின் கார்மேல் இடித்துவிடும். அவர் குடும்பத்தையே ஸ்டுடியோவுக்கு அழைப்பார். தியோ என்ற பையன் 'ஜாமின் ஆன் த ஒன்' என்று சொல்ல, அடுத்த நிமிடம் அந்தக் குரல் தாளத்தோடு திரும்பி வரும். கருவியின் பெயர் சின்க்ளாவியர். அந்தக் காலத்தில் அதை வாங்கும் காசுக்கு ஒரு வீடே வாங்கலாம். க்வெஸ்ட்லவ் போன்ற ஹிப் ஹாப் கலைஞர்கள் சாம்ப்ளிங்கை, அதாவது ஒரு ஒலியைப் பதிந்து அதையே இசையாக வாசிப்பதை, முதன்முதலில் பார்த்ததே இந்தக் காட்சியில்தான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வேலை இதுதான்: கருவி குரலை எண்களாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும். மேல் கட்டையை அழுத்தினால் அது வேகமாக ஓடி, குரல் கீச்சென்று ஆகும். கீழ்க் கட்டையில் மெதுவாக ஓடி, தடித்து இழுபடும்.

எனக்கு இது கையில் கிடைத்தது கொசப்பேட்டை வீட்டில். மாமா சவுதியிலிருந்து கேசியோ எஸ்கே-1 என்ற குட்டி கீபோர்டு கொண்டு வந்தார். 32 சின்னக் கட்டைகள், 1.4 விநாடிதான் பதியும். "இன்னாடா கண்ணு" என்று பாட்டி சொன்னதைப் பதிந்து சரிகமபதநி வாசித்தேன். பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேட்டரியைக் கழற்றினால் பதிந்தது போய்விடும். அதனால் மாற்றும்போதெல்லாம் பாட்டியைக் கூப்பிட்டு மறுபடி சொல்லவைப்பேன்.

அப்புறம் உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கச்சேரி வாசிக்க வந்தோம். எங்கள் குழுவில் பம்பை கிடையாது. காலையில் கரகத்தோடு வந்த பம்பைக்காரரிடம் கேட்டு, ஒரே ஒரு அடியைப் பதிந்துகொண்டேன். ஒரு அடிக்கு 1.4 விநாடி தாராளம். ராத்திரி அம்மன் பாட்டுக்கு அதை விரலால் தட்டினேன். முன்வரிசையில் இரண்டு பெண்களுக்கு அருள் வந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் பம்பைக்காரர் மேடையேறி வந்தார். பெட்டியைத் தூக்கி அடியில் பார்த்தார். "இன்னொரு தடவ அடி" என்றார். அடித்தேன். "தோலு கொஞ்சம் தளர்ந்திருக்கு. நாளைக்கு இறுக்கிட்டு வரேன், மறுபடி பதிஞ்சுக்க" என்றார்.