கடலடியை யார் பார்த்தது?

கேள்வி: கைப்பேசி வரைபடத்தைத் திறந்தால் கடலுக்கு அடியில் இருக்கும் மலை, பள்ளம் எல்லாம் தெரிகின்றன. செயற்கைக்கோள்தான் எல்லாவற்றையும் படம் பிடித்துவிட்டதே! அப்புறம் எதற்குக் கப்பல்களை அனுப்பி மறுபடியும் அளக்கிறார்கள்? வெறும் சேற்றுத் தரைக்கு இவ்வளவு செலவு தேவையா?

பதில்: நீங்கள் பார்ப்பது புகைப்படம் இல்லை. அதில் பெரும்பகுதி கணக்குப் போட்டு ஊகித்தது. கடலில் ஆயிரம் மீட்டருக்குக் கீழே கும்மிருட்டு. சராசரி ஆழமோ சுமார் 3,700 மீட்டர். செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலை நீர்ப்பரப்பில் பட்ட உடனேயே திரும்பிவிடும்.

அப்படியானால் அது எதை அளக்கிறது? கடலின் மேல்மட்டத்தை. அடியில் பெரிய மலை இருந்தால் அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். மலைக்கு நேர் மேலே கடல் ஓரிரண்டு மீட்டர் புடைத்து நிற்கும். பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிய புடைப்பு என்பதால் கப்பலில் போகிறவருக்குத் தெரியாது, செயற்கைக்கோளுக்குத் தெரியும். அருமையான முறைதான். ஆனால் சில கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத மேடும் பள்ளமும் அதற்குப் பிடிபடுவதில்லை.

பிடிபடாவிட்டால் என்ன என்று கேட்காதீர்கள். 2005 ஜனவரி 8 அன்று 'சான் பிரான்சிஸ்கோ' என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல், குவாம் தீவுக்குத் தெற்கே முழு வேகத்தில் போய் ஒரு கடலடி மலையில் மோதியது. மாலுமிகள் கையில் இருந்த வரைபடத்தில் அந்த இடத்தில் மலையே இல்லை. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள்.

அதனால்தான் கப்பல் போகிறது. கப்பலின் அடிப்பகுதியிலிருந்து ஒலியைக் கீழே அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 5,000 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர ஏழு விநாடி ஆகிவிடும். வயலில் சால் ஓட்டுவதுபோல ஒரு பட்டையை முடித்து அடுத்த பட்டைக்குத் திரும்ப வேண்டும். இப்படி நேரடியாக அளந்தது, 2024 நிலவரப்படி, மொத்தக் கடலடியில் கால் பங்குதான்.

சரி, அந்த 'வெறும் சேற்றுத் தரை'க்கு வருகிறேன். அந்தச் சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். பூமியின் மிக நீளமான மலைத்தொடர் கடலுக்குள்தான் இருக்கிறது. சுமார் 65,000 கிலோமீட்டர். உலகிலேயே மிக ஆழமான கடற்பள்ளமான மரியானா அகழியின் அடியில் எவரெஸ்டை வைத்தால் அதன் உச்சிக்கு மேல் இன்னும் இரண்டு கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும். ஆழ்கடல் சமவெளிகள் தட்டையானவை என்பது உண்மையே. ஆனால் அது கரடுமுரடான பாறையை வண்டல் மூடியதால் வந்த தட்டை.

அந்த வண்டலும் சும்மா கிடப்பதில்லை. 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, கடலில் நிலநடுக்கம். அருகில் இருந்த தந்திக் கம்பிவடங்கள் உடனே அறுந்தன. அதைவிட ஆழத்தில் கிடந்தவை அதற்கப்புறம் ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் அறுந்துகொண்டே போயின. கடைசி வடம் அறுந்தபோது நிலநடுக்கம் முடிந்து 13 மணி நேரம் ஆகியிருந்தது. 1952இல் அமெரிக்கக் கடலடி ஆய்வாளர்கள் புரூஸ் ஹீசனும் மாரிஸ் யூயிங்கும் அறுந்த நேரங்களை வைத்தே நடந்ததைச் சொன்னார்கள்: கண்டத்தின் ஓரம் ஆழ்கடலுக்கு இறங்கும் சரிவில் சரிந்த சேறு நீரோடு கலந்து வெள்ளமாகப் பாய்ந்திருக்கிறது. அவர்கள் கணக்கில் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். இன்று கண்டம் விட்டுக் கண்டம் போகும் இணையச் செய்தியில் பெரும்பகுதி இதே கடலடி வழியாகத்தான் வடங்களில் போகிறது.

அதே 1952ஐ ஒட்டி ஹீசனுடன் வேலை செய்தவர் மேரி தார்ப். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் அவரை ஏற்றவில்லை. கப்பல்கள் கொண்டுவந்த ஆழக் கணக்கை மேசையில் உட்கார்ந்து படமாக வரைந்தார். வட அட்லாண்டிக்கைக் குறுக்கே வெட்டிய ஆறு கோடுகள். நடுக்கடல் மலைத்தொடரின் முகட்டில், ஒவ்வொரு கோட்டிலும், கத்தியால் கீறியதுபோல ஒரு பள்ளம் விழுந்தது. மலைத்தொடர் நெடுக ஒரு பிளவு ஓடுகிறது என்றார் தார்ப். 'பெண்பேச்சு' என்று ஹீசன் ஒதுக்கித் தள்ளினார். பிளவு உண்டு என்றால் கண்டங்கள் நகர்கின்றன என்றும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அதற்கு அன்று பெரும்பாலோர் தயாராக இல்லை.

தார்ப் வேலை செய்த ஆய்வகத்திலேயே ஹோவர்ட் ஃபாஸ்டர் என்பவர், வடங்களைப் போடப் பாதுகாப்பான இடம் தேடி, கடலடி நிலநடுக்கங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது புள்ளிகள் தார்ப் வரைந்த பள்ளத்தின் மேலேயே விழுந்தன. புதிய கடலடி பிறக்கும் இடம் அது. அட்லாண்டிக்கில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நம் நகம் வளரும் வேகத்தில், தரை இரண்டு பக்கமும் விலகுகிறது.

பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோ இப்படி ஒரு பள்ளத்தாக்கு இருப்பதை நம்பவில்லை. கேமராவைக் கப்பலில் கட்டி அந்த மலைத்தொடரின் மேல் இழுத்துப் போனார். 1959இல் நியூயார்க்கில் நடந்த கடலியல் மாநாட்டில் அந்தப் படத்தை அவரே போட்டுக் காட்டினார். தார்ப் கோடாக வரைந்த பள்ளத்தாக்கின் கரும்பாறைச் சுவர் திரையில் நின்றது.