பழைய சர்வர் பூட் ஆகும்போது பாதியில நிக்குதா? உங்க கேள்விகளும் என் பதிலும்

பழைய ரேக் சர்வர் ஒண்ணு கிடைச்சுது அண்ணா. ட்ரூநாஸ் ஸ்கேல் (ஸ்டோரேஜ் சர்வருக்கான லினக்ஸ் சிஸ்டம்) போடலாம்னு பென்டிரைவ்ல பூட் பண்ணா கிரப் மெனு (எதை பூட் பண்ணணும்னு கேக்குற லிஸ்ட்) வருது, என்டர் தட்டினதும் ரெண்டு வரி வந்து ஸ்கிரீன் கருப்பாயிடுது. அரை மணி நேரம் விட்டும் பாத்தாச்சு. மதர்போர்டு போச்சா?

அதுக்குள்ள மதர்போர்டுக்கு பால் ஊத்தாதீங்க. கீபோர்டுல நம் லாக் தட்டி பாருங்க, லைட் மாறுச்சுன்னா கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) உயிரோடதான் இருக்கு, படம் மட்டும்தான் வரல. (மாறலன்னாலும் செத்துடுச்சுன்னு அர்த்தமில்ல, யூஎஸ்பி டிரைவர் இன்னும் ஏறாம இருக்கலாம்.) பழைய சர்வர்கள்ல ரிமோட் மேனேஜ்மென்ட் சிப்புக்குள்ளயே மேட்ராக்ஸ் ஜி200 வகை கிராஃபிக்ஸ் இருக்கும், 1998-ல வந்த சிப்போட வாரிசு அது. கெர்னல் ஏறும்போது சாதா டெக்ஸ்ட் மோடை விட்டுட்டு தன்னோட டிரைவருக்கு தாவும், அந்த தாவல்லதான் பல மானிட்டர்ல சிக்னல் போயிடுது.

கிரப் மெனுல என்டர் தட்டாம ஈ தட்டுங்க, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசிக்கு போய் நோமோட்செட்னு ஒரே சொல்லா, எல்லாம் சின்ன எழுத்துல சேருங்க, அதே வரியில கொயட்னு இருந்தா அதை அழிச்சிடுங்க, அப்புறம் கண்ட்ரோல் எக்ஸ். கொயட்டை அழிக்கிறதுதான் உண்மையான வைத்தியம்னு நான் சொல்லுவேன், ஏன்னா அது இருக்கிற வரைக்கும் எங்க நிக்குதுன்னே தெரியாது, கண்ணை கட்டிக்கிட்டு பார்ட் மாத்திட்டு இருப்போம். கடைசி நாலு வரியை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

இன்ஸ்டால் முடிஞ்ச பிறகு முதல் பூட்லயும் இதே மாதிரி ஒரு தடவை பண்ணணும். நிரந்தரமா வைக்க கிரப் ஃபைலை கையால திருத்தாதீங்க, அப்டேட்ல காணாம போயிடும். ட்ரூநாஸோட மிட்கிளிட் கமாண்ட் வழியா கெர்னல் எக்ஸ்ட்ரா ஆப்ஷன்ஸ்ல போட்டாதான் நிக்கும்.

டிஸ்க் மாட்ட எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டு ரெண்டு வாங்கினேன். ஒண்ணு மட்டும் போட்டா பூட் ஆகுது. ரெண்டையும் போட்டா பயாஸ் ஸ்கிரீன்லயே ஹேங், பென்டிரைவ் பக்கமே போகல.

அப்ப லினக்ஸ் மேல தப்பே இல்ல, அதோட முறையே இன்னும் வரல. லெகஸி பயாஸ்ல கார்டுங்களோட ஆப்ஷன் ரோம் (பூட் நேரத்துல ஓடுற கார்டோட சின்ன ப்ரோகிராம்) எல்லாம் முதல் 1 எம்பிக்குள்ள இருக்கிற ஒரு சின்ன இடத்துல நெருக்கியடிச்சு உக்காரணும். கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கும், நெட்வொர்க் பூட் கொஞ்சம் எடுத்துக்கும், உங்க ரெண்டாவது கார்டுக்கு இடமில்ல. பயாஸ்ல அந்த ஸ்லாட்டோட ஆப்ஷன் ரோமை டிசேபிள் பண்ணுங்க, நெட்வொர்க் பூட் தேவையில்லன்னா அதையும் தூக்குங்க. இல்லன்னா கார்டுல ஐடி மோட் (ரெய்ட் இல்லாம டிஸ்க்கை அப்படியே காட்டுற) ஃபர்ம்வேரை மட்டும் ஏத்திட்டு பூட் ரோமை ஏத்தாம விட்டுடுங்க. நிறைய பேர் அதை அழிச்சா டிஸ்க் தெரியாம போயிடும்னு பயப்படுறாங்க. தெரியும், லினக்ஸோட எம்பிடி3சாஸ் டிரைவருக்கு அந்த ரோம் வேண்டவே வேண்டாம். அந்த டிஸ்க்லேர்ந்து பூட் பண்ண முடியாது, அவ்வளவுதான், பூட்டும் சீக்கிரம் முடியும்.

இன்னொண்ணு, டெல்லோட பெர்க் எச்310 மாதிரி ரெய்ட் கார்டை டெஸ்க்டாப் போர்டுல சொருகினா சிலதுல டிஸ்ப்ளேவே வராது. பி5, பி6 பின் ரெண்டையும் டேப் ஒட்டி மறைச்சா வரும், அது எஸ்எம்பஸ் (போர்டும் கார்டும் பேசிக்கிற சின்ன லைன்) சண்டை. பி பக்கம்னா சிப் இருக்கிற பக்கம். நான் ஒரு தடவை மறுபக்கம் ஒட்டிட்டு ராத்திரி பூரா பவர் சப்ளையை சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.

யூஎஸ்பிலேர்ந்து இன்ஸ்டாலர் லோட் ஆகவே மாட்டேங்குது.

ரூஃபஸ்ல (பென்டிரைவ்ல ஐஎஸ்ஓ எழுதுற ப்ரோகிராம்) எழுதும்போது ஐஎஸ்ஓ மோடா டிடி மோடான்னு கேட்டா டிடி மோடு. யூஎஸ்பி 2 போர்ட்ல சொருகுங்க. ரிமோட் கன்சோல் வழியா ஐஎஸ்ஓ மவுண்ட் பண்ணியிருந்தா அது ஹேங் இல்ல, ஆமை வேகம். காத்திருங்க.

ரெண்டு வருஷமா ஓடிட்டிருந்த பாக்ஸ். பவர் கட்டுக்கு அப்புறம் இம்போர்ட் இசட்எஃப்எஸ் பூல்ஸ்னு (டிஸ்க்கெல்லாம் சேந்த ஸ்டோரேஜை ஏத்துற வேலை) ஸ்டார்ட் ஜாப் ஓடுது, நிமிஷம் ஏறிட்டே போகுது. ரீசெட் அடிக்கலாமா?

அடிக்காதீங்க! டிஸ்க் லைட்டை பாருங்க, எல்லாம் சேந்து மின்னிட்டிருந்தா வேலை நடக்குது. பாதியில நின்ன பெரிய டிலீட்டை இசட்எஃப்எஸ் அடுத்த இம்போர்ட்ல தொடர்ந்து முடிக்கும், அதுலயும் டீடூப் (ஒரே டேட்டாவை ரெண்டு தடவை சேமிக்காத வசதி) ஆன் பண்ணியிருந்து ரேம் 8 ஜிபி மாதிரி கம்மின்னா மணிக்கணக்கா இழுக்கும். ரீசெட் அடிச்சா அந்த வேலை திரும்பவும் உங்க தலையிலதான் விடியும்.

ஒரே ஒரு டிஸ்க் லைட் மட்டும் விடாம எரியுது, மத்ததெல்லாம் சும்மா இருக்குன்னா கதை வேற, அந்த டிஸ்க் படிக்க முடியாம திணறிட்டு மொத்த பூலையும் நிறுத்தி வச்சிருக்கு. ஆஃப் பண்ணி டேட்டா டிஸ்க் எல்லாத்தையும் கழட்டிட்டு பூட் டிஸ்க்ல மட்டும் ஏத்துங்க. ஏறிடுச்சுன்னா சிஸ்டம் நல்லாருக்கு. அப்புறம் திரும்ப மாட்டி ஒவ்வொண்ணா ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க்கோட ஹெல்த் ரிப்போர்ட்) எடுங்க, மோசமானதை வெளிய வச்சுட்டு ரீட்-ஒன்லியா இம்போர்ட் பண்ணி பாருங்க. பூல் மிரரோ ரெய்ட்இசட்டோ இருந்தா ஒரு டிஸ்க் இல்லாமலும் வரும், ஸ்ட்ரைப்னா அந்த டிஸ்க் இல்லாம வராது. பேக்கப் இருக்கான்னு நீங்க சொல்லல, நானும் கேக்கல.

ப்ராக்ஸ்மாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற சிஸ்டம்) 8.2-க்கு அப்டேட் பண்ணேன், பழைய ரெய்ட் கார்டு இருக்கிற சர்வர், இப்ப டிஸ்கே தெரியாம நிக்குது. பழைய கெர்னல்ல ஏறுது.

பழைய கெர்னல்ல ஏறுதுன்னு பாத்தீங்களே, அதுலயே விடை இருக்கு. அந்த வெர்ஷன்ல வந்த 6.8 கெர்னல்ல இன்டெல் ஐஓஎம்எம்யூ (கார்டுங்க மெமரியை தொடுறதை கட்டுப்படுத்துற வசதி) தானாவே ஆன் ஆகும், பழைய ரெய்ட் கார்டு சிலதுக்கு அது ஒத்துக்காது. லினக்ஸ் வரியில இன்டெல், அடிக்கோடு, ஐஓஎம்எம்யூ, சமக்குறி, ஆஃப்னு இடைவெளி விடாம போடுங்க. நிரந்தரமாக்குறப்ப கவனம், யூஇஎஃப்ஐயில இசட்எஃப்எஸ் ரூட்டோட சிஸ்டம்டி-பூட்ல (கிரப்புக்கு பதிலா வர்ற பூட்லோடர்) ஏறுற மெஷின்ல கிரப் ஃபைலை மாத்தி ஒண்ணும் நடக்காது, கெர்னல் கமாண்ட்லைன் ஃபைல்ல எழுதி ப்ராக்ஸ்மாக்ஸ் பூட் டூல்ல ரெஃப்ரெஷ் கொடுக்கணும்.

பிசிஐஇ அடாப்டர்ல என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டு இன்ஸ்டால் பண்ணேன், எந்த எர்ரரும் இல்லாம முடிஞ்சுது. ரீபூட் பண்ணா பூட் டிவைஸ் இல்லங்குது.

இன்ஸ்டாலருக்கு என்விஎம்இ தெரியும், உங்க பயாஸுக்கு தெரியாது, அந்த காலத்து போர்டுல அதுக்கான டிரைவரே கிடையாது. டிவிடி டிரைவ் மாட்டியிருந்த சாட்டா போர்ட் சும்மாதானே கிடக்கு? 16 ஜிபிக்கு குறையாத ஒரு சின்ன எஸ்எஸ்டியை அதுல மாட்டி பூட்டுக்கு வைங்க, என்விஎம்இயை பூலுக்கு விடுங்க.