குழந்தைக்குப் பாராசிட்டமால் சிரப் இரண்டு முறை போய்விட்டது. மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. உங்கள் மகளுக்கு 2 வயது, எடை 11 கிலோ. ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் புறப்படும் முன் காய்ச்சலுக்காக 5 மில்லி பாராசிட்டமால் சிரப் கொடுத்திருக்கிறீர்கள். அதை அறியாமல் ஒரு மணி நேரத்திற்குள் ஆயாவும் 5 மில்லி கொடுத்துவிட்டார். பிறகு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தபோதுதான், வழக்கமாக வாங்கும் 120-க்குப் பதிலாக இது 250 என்று தெரிந்திருக்கிறது. குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனாலும் ஈரல் கெட்டுவிடுமா, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

நான் குடியாத்தத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநன்; மருத்துவன் அல்லன். இந்தக் கேள்வியோடு கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் போட்டுக் காட்டும் கணக்கையே இங்கும் போடுகிறேன். 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்றால், இரண்டு தடவையும் சேர்த்து உள்ளே போனது 500 மில்லிகிராம். அதை 11-ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 45 மில்லிகிராம் வருகிறது. ஒரு வேளைக்குக் கொடுக்க வேண்டியது கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான் என்பதால், மூன்று மடங்குக்கு மேல் போயிருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஆரோக்கியமான குழந்தைக்கு ஒரே நேரத்தில் போன மருந்து ஈரலைத் தாக்கிவிடுமோ என்று மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்குவது கிலோவுக்கு 150 மில்லிகிராமை ஒட்டித்தான். கண்டிப்பான கணக்கை வைத்திருக்கும் பிரிட்டனிலும் 75-க்கு மேல் போனால்தான் மருத்துவமனையில் காட்டச் சொல்கிறார்கள். ஆகவே, இதற்கு முந்தைய நாள்களில் மருந்து கூடுதலாகப் போகவில்லை, வேறு மருந்தும் கொடுக்கவில்லை என்றால், 108-ஐ அழைத்து ஓட வேண்டிய நிலை இது அன்று.

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. குழந்தையை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரை இப்போதே தொலைபேசியில் அழைத்து, எடை, பாட்டிலில் உள்ள எண், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்ற நான்கையும் சொல்லுங்கள். ஒரு நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 60 மில்லிகிராம், அதாவது உங்கள் மகளுக்கு 660 மில்லிகிராம்தான் உச்சவரம்பு என்னும்போது 500 ஏற்கெனவே போய்விட்டது. ஆகையால் மருத்துவர் சொல்லாமல் அடுத்த வேளை கொடுக்க வேண்டாம். காய்ச்சல் மீண்டும் ஏறினால் மெல்லிய துணியை உடுத்தி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு, கஞ்சியோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காய்ச்சல் சற்று நேரம் நீடிப்பதால் வரும் தொல்லையைவிட, பதற்றத்தில் இன்னொரு மூடி ஊற்றுவதால் வரும் தொல்லை பெரிது.

இந்தக் கணக்கில் எல்லாமே தொங்கிக்கொண்டிருப்பது பாட்டிலின் மேலுள்ள எண்ணில்தான் என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்கு வரும் எல்லோரும் மில்லியைத்தான் சொல்கிறார்கள், மில்லிகிராமைச் சொல்பவர் அரிது. நம் ஊர்க் கடைகளில் பாராசிட்டமால் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்றும், 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்றும் சிரப்பாகக் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. மூன்றும் ஏறத்தாழ ஒரே நிறத்தில், ஒரே வாசனையோடு, பக்கத்துப் பக்கத்து அட்டைப் பெட்டிகளில் இருப்பவை. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்திலிருந்து 5 மில்லி ஊற்றினால் ஒரே வாயில் 500 மில்லிகிராம் போய்விடும். ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்த காலிப் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தேன்: லேபிள் முழுவதும் சிரப் வழிந்து காய்ந்து, எண் இருந்த இடம் மட்டும் விரலால் தேய்ந்து போயிருந்தது, மேலே கவிழ்த்திருந்த அளவு மூடியோ வேறொரு இருமல் மருந்துடையது, அதில் 5 என்ற கோடே இல்லை, 7.5-உம் 15-உம்தான் இருந்தன. வாரக் கணக்கில் அந்த மூடியில் பாதிதான் குழந்தைக்கு மருந்து. படிக்கத் தெரிந்தவருக்கே எளிதில்லாத ஆங்கிலப் பொடி எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒருவர் எப்படிப் பிரித்தறிவார்? அன்றிலிருந்து குழந்தை மருந்து எதை விற்றாலும், பெட்டியின் மேல் தடித்த பேனாவால் குழந்தையின் எடையையும், கொடுக்க வேண்டிய மில்லியையும், எத்தனை மணி நேர இடைவெளி என்பதையும் தமிழில் எழுதித் தருகிறேன். நீங்களும் உங்கள் கடைக்காரரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தருவது அவர் கடமை.

இதே பக்கத்தைப் பிறகு படிக்கப்போகும் வேறு பெற்றோருக்காகவும் எல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன அதே 11 கிலோக் குழந்தை, 250 சிரப்பின் 60 மில்லிப் பாட்டிலைத் திறந்து முழுவதும் குடித்துவிட்டால் போவது 3,000 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 270-க்கும் மேல். அது தயங்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய அளவு. 120 சிரப்பின் முழுப் பாட்டில் என்றால் கிலோவுக்கு 130 வரும். அதற்கும் போய்த்தான் ஆக வேண்டும். பாட்டிலில் எவ்வளவு இருந்தது என்று நினைவில்லாதபோது, முழுப் பாட்டிலும் உள்ளே போனதாகவே வைத்துக் கணக்கிட வேண்டும்.

குழந்தை விளையாடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மகளின் அளவைப் பார்க்கும்போது அது நல்ல செய்திதான். ஆனால் அளவு பெரிதாக இருக்கும் வீட்டில் அதை நம்பக் கூடாது. பாராசிட்டமால் நஞ்சின் கொடுமையே அது முதல் நாளில் முகத்தைக் காட்டாது என்பதுதான். மருந்தின் ஒரு சிறு பகுதி ஈரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. ஈரலில் உள்ள குளூட்டாதையோன் அதை உடனுக்குடன் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அளவு மிஞ்சும்போது குளூட்டாதையோன் தீர்ந்துபோய், மிஞ்சிய நச்சு ஈரலின் செல்களையே தாக்குகிறது. முதல் 24 மணி நேரத்தில் ஓரிரு முறை வாந்தி வரலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வலது விலாவுக்குக் கீழே வலியும், மஞ்சள் காமாலையும், அளவுக்கு மீறிய தூக்கமும் வரும். அதற்கு மாற்று மருந்து உண்டு. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்பது அதன் பெயர். ஈரலில் குளூட்டாதையோனை மீண்டும் உண்டாக்கித் தருவதுதான் அதன் வேலை. மருந்து உள்ளே போன 8 மணி நேரத்திற்குள் தொடங்கிவிட்டால் ஏறக்குறைய முழுப் பாதுகாப்பும் கிடைத்துவிடுகிறது, அதன்பிறகு தாமதம் கூடக் கூடப் பலன் குறைகிறது. மணி என்ன என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

மருத்துவமனையில் மருந்து உள்ளே போன 4 மணி நேரத்திற்குப் பிறகு இரத்தம் எடுத்து, பாராசிட்டமால் அளவைப் பார்ப்பார்கள். அதற்கு முன்பே எடுத்தால் எண் தவறான முடிவைத் தரும். ஆகவே சீக்கிரம் போயும் காத்திருக்கச் சொல்கிறார்களே என்று மனம் கலங்க வேண்டாம். அந்த அளவை 1975-இல் ரூமாக், மேத்யூ என்ற இருவர் வெளியிட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் மாற்று மருந்து தேவையா என்று முடிவு செய்கிறார்கள். பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் வழியில் ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்கி நேரத்தை இழப்பதைவிட, இந்தப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வசதியுள்ள வேலூர் சி.எம்.சி. அல்லது அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே வருவது நல்லது. 108-ஐ அழைத்தால் எங்கே கொண்டுபோவது என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். கூடவே பாட்டில், மூடி, ஊற்றப் பயன்படுத்திய கரண்டி மூன்றையும் கழுவாமல் எடுத்து வாருங்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். மருத்துவர்களும் அங்கே கேட்டுத் தெளிவு பெறுகிறார்கள்.

இதற்கிடையில் வீட்டில் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டையில் விரலை விடுவது, புளிக்கரைசல் கொடுப்பது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எல்லாமே நம் பக்கத்தில் வழக்கம். உப்புத் தண்ணீர் சிறு குழந்தையின் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, அதுவே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும். வாந்தி நுரையீரலுக்குள்ளும் போய்விடலாம். ஈரலுக்கு நல்லது என்று கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே காத்திருந்தால், மாற்று மருந்துக்கு உரிய அந்த 8 மணி நேரம் கைவிட்டுப் போய்விடும்.

ஒரே நேரத்தில் கூடுதலாகப் போவதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, பல நாள்கள் சிறுகச் சிறுகக் கூடிப்போவது. உங்கள் வீட்டு 250 பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் எண்ணைக் கவனிக்காமல், வழக்கம்போல 5 மில்லி வீதம் நாளுக்கு ஐந்து தடவை கொடுத்திருந்தால் 1,250 மில்லிகிராம், கிலோவுக்கு 113-க்கும் மேல். கிலோவுக்கு 100 என்ற கணக்கில் மூன்று நாள் தொடர்ந்தாலே அது ஈரலுக்கு ஆபத்தான அளவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இத்தனைக்கும் வீட்டில் ஒருவர்கூட அளவைக் கூட்டியதாக நினைத்திருக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வரும் டெங்குக் காய்ச்சலில் இது இன்னும் கடுமையாகிறது. டெங்குவில் இரத்தக்கசிவுக்கு அஞ்சி இபுபுரூஃபனையும் மெஃபனமிக் அமிலத்தையும் தவிர்க்கச் சொல்வதால் பாராசிட்டமால் ஒன்றுதான் கையில் இருக்கும். காய்ச்சலோ எளிதில் இறங்காது. குழந்தை சாப்பிடாமல் கிடப்பதால் ஈரலின் குளூட்டாதையோன் ஏற்கெனவே குறைந்திருக்கும். டெங்குவே ஈரலைத் தொடுகிற நோயும்கூட. இத்தகைய குழந்தைக்கு வாந்தி நிற்கவில்லை என்றாலோ, சோர்வு கூடினாலோ, கண் மஞ்சளானாலோ, எந்தக் கணக்கும் போடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பலமுறை கொடுத்த மருந்துக்கு அந்த வரைபடமும் பொருந்தாது என்பதால், எத்தனை நாளாக, நாளுக்கு எத்தனை தடவை என்பதை ஒளிக்காமல் சொன்னால்தான் மருத்துவர்கள் சரியாக முடிவெடுக்க முடியும்.

சளி மருந்துகள் பலவற்றிலும், இபுபுரூஃபன் கலந்த சிரப்புகளிலும் பாராசிட்டமால் மறைந்திருக்கிறது. ஆசனவாயில் வைக்கும் மருந்தும், பெரியவர்களின் 650 மாத்திரையை உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்த பாதியும் இதே கணக்கில்தான் சேரும். மெஃபனமிக் அமிலம் கூடுதலாகப் போனால் வலிப்பு வரக்கூடும் என்பதால், அதற்கு மேலே சொன்ன கணக்கைப் பயன்படுத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் கணவர் ஆயாவைத் திட்டிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். விடியற்காலையில் அம்மா வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் ஆயாவும், மாலையில் அப்பாவும் பார்த்துக்கொள்ளும் வீடுகள்தாம் ஆம்பூர் முதல் இராணிப்பேட்டை வரை நிறைந்திருக்கின்றன. காய்ச்சலில் அழுகிற குழந்தைக்கு மருந்து கொடுத்த கை அன்பினால்தான் கொடுத்தது. திட்டு வாங்கியவர் அடுத்த முறை கொடுத்ததைச் சொல்ல மாட்டார், சொன்னாலும் நேரத்தை மாற்றிச் சொல்வார். மேலே நான் எழுதிய கணக்கு அத்தனையும் அந்த நேரத்தை நம்பித்தான் இருக்கிறது. காலண்டர் தாளின் பின்புறத்தில் யார் மருந்து கொடுத்தாலும் ஒரு கோடும் மணியும் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத ஆயா கோடு மட்டும் போட்டால் போதும். மணியை நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

பிற்காலத்தில் ஈரலில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: இந்த அளவில் அப்படி ஒன்றும் வராது. பாராசிட்டமால் செய்யும் பாதிப்பு அந்தச் சில நாள்களிலேயே வெளிப்பட்டுவிடும், ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டுவதில்லை. கடுமையான பாதிப்பிலிருந்து மீண்ட குழந்தைகளுக்கும் ஈரல் மீண்டும் வளர்ந்து, பொதுவாகத் தழும்பில்லாமல் குணமாகிவிடுகிறது. இரத்தப் பரிசோதனை ஏதும் தேவையா என்பதை உங்கள் மருத்துவர் தொலைபேசியில் சொல்வார். தேவையில்லை என்று அவர் சொன்னால், மனத் திருப்திக்காக லேப் லேபாக ஏறி அந்தச் சின்னக் கையில் ஊசி குத்த வைக்க வேண்டாம்.