ரீல்ஸ் பார்த்தால் பேச வருமா?

கேள்வி: ஆங்கில ஆசிரியை ஆவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் இரண்டு மணி நேரம் இன்ஸ்டாகிராம், யூடியூப் இரண்டிலும் ஆங்கிலப் பக்கங்களை மட்டும்தான் பார்க்கிறேன். எல்லாம் புரிகிறது. ஆனால் மாதிரி வகுப்பில் நின்று நாலு வாக்கியம் பேச நாக்கு எழவில்லை. எங்கே தப்பு?

பதில்: எல்லாம் புரிகிறது என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். புரிந்துகொள்ள முழு வாக்கியமும் காதில் விழ வேண்டியதில்லை. பேசுகிறவரின் முகம், கீழே ஓடும் எழுத்து, தெரிந்த நாலு சொல், இவற்றை வைத்தே மூளை மீதியை இட்டு நிரப்பிவிடும். பேசும்போது இந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொரு விகுதியையும் நீங்களே போட்டாக வேண்டும். கனடாவில், வீட்டில் ஆங்கிலம் பேசிக்கொண்டு பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளைப் பல காலம் கவனித்த மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் 1985-இல் இதைத்தான் எழுதினார். கேட்டுப் புரிந்துகொள்வதில் அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட ஈடு, வாயைத் திறந்தால் மட்டும் இலக்கணம் நொண்டியது. காரணம், பேசியும் எழுதியும் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு போதவில்லை என்பது அவர் கணிப்பு.

அதனால் இரண்டு மணி நேரத்தை இருபது நிமிடமாகக் குறையுங்கள். (கேட்க மனசு வராது, தெரியும்.) ஒரே ஒரு காணொளி, அதில் ஒரு நிமிடம் போதும். எழுத்தை அணைத்துவிட்டு, கேட்டதை அப்படியே தாளில் எழுதுங்கள். ஓட்டம் வேகமாக இருந்தால் யூடியூபில் 0.75-க்குக் குறைத்துக்கொள்ளலாம். அப்புறம் எழுத்தைப் போட்டு ஒப்பிடுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். நீங்கள் 'ஐ வுட் ஆஸ்க்' என்று எழுதியிருப்பீர்கள், அவர் சொன்னதோ 'ஐ வுட் ஹேவ் ஆஸ்க்ட்'. நடுவில் 'ஹேவ்' வெறும் 'அவ்' ஆகச் சுருங்கிவிட்டது, கடைசி 'ட்' அடுத்த சொல்லோடு கரைந்துவிட்டது. நீங்கள் எழுதியது 'கேட்பேன்', அவர் சொன்னது 'கேட்டிருப்பேன்'. கதை புரிந்ததால் இந்த ஓட்டை இத்தனை நாள் கண்ணில் படவில்லை, பேசும்போது சரியாக அந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறீர்கள். தானாக வரும் எழுத்தும் தப்புப் பண்ணும், அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. ரீல்ஸில் வருகிறவர்கள் பேசும் ஆங்கிலம் வேறு, வகுப்பில் உங்களுக்கு வேண்டிய ஆங்கிலம் வேறு. 'மூன்று மூன்று பேராகப் பிரிந்துகொள்ளுங்கள், ஒருவர் படிக்க மற்ற இருவரும் குறிப்பெடுங்கள், நான் சொல்லும்வரை எழுத வேண்டாம்' என்பதைக் கடைசி வரிசைக்கும் புரிகிற மாதிரி முப்பது விநாடியில் சொல்ல எந்த ரீலும் கற்றுத்தராது. உங்களோடு பயிற்சி எடுக்கிற மூன்று பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வையுங்கள், நாள் ஒன்றுக்கு இப்படி ஒரு அறிவுறுத்தலைக் குரல்பதிவாகப் போடுங்கள். கேட்கிறவர் ஒரே ஒரு தப்பை மட்டும் சொல்ல வேண்டும், பத்துத் தப்பைச் சொன்னால் மறுநாள் யாரும் பதிவு போடமாட்டார்கள். குழுவில் இருநூறு பேரைச் சேர்த்தீர்களோ, பத்தே நாளில் காலை வணக்கமும் பிடிஎஃப்பும்தான் மிஞ்சும்.

கேள்வி: ஆங்கிலத்தில் கருத்துப் போட்டால் தப்பைப் பிடித்துக் கேலி செய்கிறார்கள். ஆசிரியர் ஆகப்போகிறவன், அவமானமாக இருக்கிறது.

பதில்: முதலில், கேலி செய்தவர் சொன்னது சரிதானா என்று பாருங்கள். 'டேட்டா இஸ்' என்று எழுதினால் 'டேட்டா ஆர்' என்று திருத்த ஒருவர் ஓடிவருவார், இரண்டுமே வழக்கில் உள்ளவை. 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதியிருந்தால் அவர் சொன்னது நியாயம், அங்கே 'அபவுட்' வேண்டாம். நல்ல அகராதியின் உதாரண வாக்கியத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கூச்சம் போகவில்லையா, பயிற்சிக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் மாணவர்கள் உங்கள் பெயரைத் தேடத்தான் போகிறார்கள், அதற்கும் அது நல்லது.

கேள்வி: நான் தமிழாசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். ஃபேஸ்புக் முழுக்க ஒற்றுப்பிழை. அதைப் படித்துப் படித்து எனக்கே சந்தேகம் வருகிறது. விலகிவிடலாமா?

பதில்: ஏன் விலக வேண்டும், உங்களுக்கு வேண்டிய சரக்கே அதுதான். நல்ல தமிழ் நிறையப் படிக்கிறவருக்கு இது தொற்றாது, ஃபேஸ்புக்கை மட்டுமே படிக்கிறவருக்குத் தொற்றும். நாளுக்கு ஒரு பிழையை எடுத்துக் காரணத்தோடு நோட்டில் எழுதுங்கள், காரணம்தான் முக்கியம். 'தந்த பெட்டி' என்றால் யாரோ கொடுத்த பெட்டி, 'தந்தப் பெட்டி' என்றால் யானைத் தந்தத்தால் செய்தது. முன்னது பெயரெச்சம், அதனால் ஒற்று மிகவில்லை. இதை விதியாகச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், யாரோ உண்மையாகவே மாற்றி எழுதிய வரியைக் கரும்பலகையில் போட்டால் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள். பதிவின் கீழேயே போய்த் திருத்தாதீர்கள், சண்டைதான் வரும். ஒரு மாதத்தில் முப்பது வரி சேர்ந்துவிடும், பயிற்சித்தாளுக்கு அப்படியே ஆகும். எழுதியவர் பெயரை மட்டும் வெட்டிவிடுங்கள்.